எடைக்குப் போடுவதற்கு முன்னால்

பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். கோவில்பட்டியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வீட்டு வராந்தாவில் வந்து உட்காருவார்கள். சேர்ந்து எதையாவது படிப்போம். ட்யூஷன் கிடையாது, கட்டணம் கிடையாது. கடலை மிட்டாய் உண்டு. அந்த வராந்தாவில் நடந்ததை வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன வருடம் கோடை விடுமுறையில், சேர்ந்துபோன செய்தித்தாளைப் போடுவதற்காகப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் தராசில் ஏறியிருந்தது ஒரு புத்தகக் கட்டு. சணல் கயிறு போட்டு இறுக்கியதில் மேல் புத்தகத்தின் அட்டை பிளந்திருந்தது. உள்ளே ஒரு கிளை நூலகத்தின் ஊதா முத்திரை. அதன் குறுக்கே சிவப்பு மையில் 'நீக்கப்பட்டது'. எந்த நூலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே இருக்கும் நூலகரின் தலைதான் உருளும். புதுப் புத்தகம் வந்து இறங்குகிறது, அலமாரி நீளவில்லை, அவர்தான் என்ன செய்வார்? கிலோ 12 ரூபாய் என்றார் கடைக்காரர். நாலு கிலோ, 48 ரூபாய். என்னுடைய செய்தித்தாளைக் கழித்துக்கொண்டு மிச்சம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டைப் பிரித்தால், உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', பழைய பதிப்பு. ம.பொ.சிவஞானம் எழுதிய கட்டபொம்மன் வரலாறு. அதற்கு நேர் எதிராகத் தமிழ்வாணன் எழுதிய 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்'. இரண்டும் ஒரே கயிற்றுக்குள் கட்டிப்போடப்பட்டிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் 1950, 60களில் சிறுவர்களுக்காக வந்த வாழ்க்கை வரலாறுகள் ஏழெட்டு.

ஒரு பிரதிக்கு மேல் என்னிடம் இருந்ததை எல்லாம் சேர்த்துப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாகத் தரலாம் என்று போனேன். தலைமையாசிரியை நல்லவர், காப்பி வாங்கிக்கொடுத்தார், புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "பழசு வேண்டாம் சார். தகவல் எல்லாம் மாறியிருக்கும், பிள்ளைகளுக்கு அந்தத் தமிழும் புரியாது. பட்டியலில் வந்ததை மட்டும் வைத்திருக்கோம்" என்று சொல்லி பீரோவைத் திறந்து காட்டினார். பளபளவென்று 32 பக்கத் தலைவர் வரலாறுகள். ஒன்றை எடுத்துப் படித்தேன். இன்னொன்றை எடுத்தேன். தலைவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே உண்மை பேசினார். தெருவிளக்கில் படித்தார். நாட்டுக்கு உழைத்தார். மறைந்தார். கடைசிப் பக்கத்தில் பத்துக் கேள்விகள். அட்டையில் உள்ள பெயரை அழித்துவிட்டு வேறு தலைவர் பெயரை எழுதினாலும் உள்ளே ஒரு வரி மாற்ற வேண்டியிருக்காது.

அந்தப் புத்தகங்களைத் தேர்வு செய்தவர்கள் நீங்கள். கோபமாக எழுதவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன் புதியவர் இல்லை. அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறு பஸ்ஸில் போகிற தூரம்தான். 1959இல் வந்த படத்தின் வசனத்தை ஒன்றாம் வகுப்புப் பையன்கூட இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொல்வான். பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் வருடத்துக்கு மூன்று கட்டபொம்மனாவது மேடையேறாமல் இருக்காது. மீசை மட்டும் வேறு வேறு மையில் இருக்கும்.

எங்கள் வராந்தாவுக்கு வரும் பிள்ளைகளில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். குடும்பம் எட்டயபுரத்திலிருந்து இங்கே வந்து குடியேறியது. பள்ளியில் அவனுக்கு என்ன பட்டப்பெயர் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். யாராவது வகுப்புத் தலைவனிடம் போட்டுக்கொடுத்தால், செய்தது யாராக இருந்தாலும், எல்லோரும் இவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்களாம். "எட்டப்பன் ஊருக்காரன்ல!" தமிழில் 'எட்டப்பன்' என்றால் காட்டிக்கொடுப்பவன். அகராதி பார்க்கத் தேவையில்லாத சொல்.

ஒரு ஞாயிறு, கால்டுவெல் பாதிரியாரின் திருநெல்வேலி வரலாற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1881இல் சென்னையில் அச்சான ஆங்கிலப் புத்தகம். கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கடிதங்களையும் அறிக்கைகளையும் அடுக்கி எழுதியது, ஆகவே அதன் பார்வை பெரும்பாலும் கும்பினியின் பார்வை. பிள்ளைகளிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டேன். பிறகு அதில் உள்ள ஒரு கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எழுதியவர் மேஜர் பானர்மேன். 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் கூட்டிவைத்துக் கட்டபொம்மனை விசாரித்துப் புளியமரத்தில் தூக்கிலிட்டவர் அவர்தான். மறுநாள் சென்னைக்கு எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தில் வசனம் இல்லை. விசாரணை நடந்த நேரம் முழுவதும் அவன் அஞ்சாமல், யாரையும் மதிக்காத தோரணையில் நின்றான் என்கிறார். தன்னைப் பிடிக்க முனைந்து அலைந்த எட்டயபுரத்துப் பாளையக்காரரையும், சிவகிரிப் பாளையக்காரரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தான் என்கிறார். தூக்கு மரத்துக்கு நடந்துபோகும்போது நடை உறுதியாக இருந்ததாம். இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்கள் மேல் வெறுப்பான பார்வையை வீசிக்கொண்டே போனானாம். வழியில், வாய்பேச முடியாத தன் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டான் என்று பானர்மேனிடம் யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியே வந்ததே தப்பு, அதைக் காத்து நின்று அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினானாம்.

தூக்கிலிட்டவன் தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதம் இது. புகழ வேண்டிய அவசியம் அவனுக்கு எதுவும் இல்லை. புகழவும் இல்லை, திமிர் பிடித்தவன் என்ற தொனியில்தான் எழுதுகிறான். எனக்குத் தெரிந்து கட்டபொம்மனைப் பற்றி இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

வராந்தா அமைதியாக இருந்தது. பிறகு மாறுவேடப் போட்டியில் இரண்டு முறை பரிசு வாங்கிய பையன் கேட்டான்: "அப்போ அவரு அந்த வசனம் பேசவே இல்லையா சார்?" பேசியதாக இந்தக் கடிதத்தில் இல்லை, படத்துக்கு வசனம் எழுதியவர் கயத்தாற்றில் அன்றைக்கு நிற்கவில்லை, அவர் நமக்குப் பிடித்த மாதிரி எழுதினார் என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது, நேராக நிமிர்ந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி முறைத்துக்கொண்டே கேட் வரைக்கும் நடந்துபோனான். வசனம் இல்லாமல்.

எட்டயபுரத்துப் பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் ஊர்ப் பெயர் கடிதத்தில் இருக்கிறதே.

அடுத்த வாரம் அவன்தான் முதலில் வந்து உட்கார்ந்திருந்தான். "சார், கோட்டையை விட்டுப் போனப்புறம் அவரைப் பிடிச்சது யாரு?" படித்தோம். பிடித்துக்கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அவருடைய எல்லைக்குள் காட்டில் பதுங்கியிருந்தபோது பிடிபட்டு, கும்பினியிடம் ஒப்படைக்கப்பட்டார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "பின்ன ஏன் சார் காட்டிக்கொடுக்கிறவனை யாரும் தொண்டைமான்னு திட்டுறதில்ல?"

31 வருடத்தில் ஒரு மாணவன்கூட என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பாடப்புத்தகத்திலிருந்து நான் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். என்னிடம் சட்டென்று பதிலும் இல்லை. எட்டயபுரத்துக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு தலைமுறை தலைமுறையாக இருந்தது, போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குப் போனது, பக்கத்து வீட்டுக்காரன் மேல் வருகிற கோபம் தூரத்து ஊர்க்காரன் மேல் வராது என்று ஏதோ சொன்னேன். அவன் அதை ஏற்றுக்கொண்டானா தெரியாது. ஆனால் ஊரையே சேர்த்துத் திட்டுவதற்கு முன்னால் யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம் என்பது அவனுக்கும், அவனைத் திட்டியவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு இன்னொரு பழைய புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். எட்டயபுரம் ஜமீன் வரலாறு, பெயர் 'வம்சமணி தீபிகை', 1879இல் வந்தது. அதில் எட்டயபுரத்தார்தான் கதாநாயகர்கள். அந்தப் புத்தகத்தின் தமிழ் நடை சரியில்லை, நான் திருத்தி எழுதித் தருகிறேன் என்று 1919இல் ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர் யார் தெரியுமா என்றேன். யாருக்கும் தெரியவில்லை. பாரதி. அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி. பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாரதி ஏன் அப்படிக் கேட்டார், வறுமையா, தமிழ் மேல் உள்ள பற்றா, அரண்மனையின் பழைய சிநேகமா என்று ஒரு மணி நேரம் சண்டை. கடலை மிட்டாய் தீர்ந்துபோனதுதான் மிச்சம்.

ஒரே மனிதரைப் பற்றி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாலு புத்தகம். எந்தப் புதுப் புத்தகமும் இந்த வேலையைச் செய்திருக்காது. புதுப் புத்தகம் எழுதுகிறவர் இந்த நாலையும் தாமே படித்து, தாமே சலித்து, ஒரே பத்தியாக்கிப் பிள்ளைக்குத் தந்துவிடுகிறார். சண்டையெல்லாம் அவருக்கு, முடிவு மட்டும் பிள்ளைக்கு.

சரி, வெல்ஷைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜேம்ஸ் வெல்ஷ் கும்பினிப் படை அதிகாரி. 1801 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையிலும், மருது சகோதரர்களுக்கு எதிரான சண்டையிலும் இருந்தவர். 1830இல் தன் ராணுவ நினைவுகளை அச்சிட்டார். கட்டபொம்மனின் அந்த வாய்பேச முடியாத தம்பி ஊமைத்துரையைப் பற்றி அதில் வருவதைப் பிள்ளைகள் மூன்று முறை திரும்பப் படிக்கச் சொன்னார்கள். நோயாளி போல ஒல்லியான, உயரமான இளைஞன். சண்டைக்கு உத்தரவு கொடுப்பது எப்படி? வைக்கோல் துரும்பு சிலவற்றை இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பான். அதுதான் வெள்ளைக்காரன் படை. மற்றக் கையால் ஒரே வீச்சில், வாயால் 'உஸ்' என்று ஒரு சத்தத்தோடு, அத்தனையையும் கீழே தள்ளுவான். புறப்படு என்று அர்த்தம். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உடனே துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவிவிட்டது. அன்றைக்கு என் வராந்தாவில் கும்பினிப் படை நாற்பது தடவை தோற்றது.

1801 மே மாதம் கோட்டை விழுந்த பிறகு நடந்ததையும் வெல்ஷ் எழுதுகிறார். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி பிணக்குவியலில் தன் மகனைத் தேடி வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். என்னை விட்டுவிடு, பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றால் ஊமைத்துரை. பெண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது மேலே துணியைப் போட்டு மூடி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் கிட்டே வராமல் திரும்பிவிட்டார்கள். அந்தத் தாயின் பெயர் வெல்ஷுக்குத் தெரியாது. எதிரியின் புத்தகத்தில் ஒளிந்துகொண்டு அவள் இன்னும் இருக்கிறாள். இந்தப் பகுதியை வாசித்து முடித்தபோது, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் சார்?" என்றார். எழுதப்படவில்லை என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதே வெல்ஷ், 1795இல் சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும், வளைந்த எறிகோலான வளரியை வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்கிறார். பெரிய மருது ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைப்பார் என்று கேள்விப்பட்டதையும் எழுதுகிறார். ஆறு வருடம் கழித்து, தனக்கு வளரி சொல்லிக்கொடுத்த அதே மனிதர் தொடை எலும்பு முறிந்து கைதியாகக் கிடப்பதையும், திருப்பத்தூரில் தூக்கில் போடப்பட்டதையும் வருத்தத்தோடு எழுத வேண்டியதாகிறது. "வருத்தமா இருந்தா விட்டுருக்கலாம்ல?" என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். இந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட உங்கள் வினாத்தாளில் இடம் இருக்கிறதா?

இனி தலைமையாசிரியை சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். தகவல் மாறியிருக்கும் என்பது உண்மைதான். அதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கும் முதல் பாடம், புத்தகத்தைத் திறந்ததும் அச்சான வருடத்தைப் பார் என்பது. சிந்துவெளி நாகரிகம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளியானது 1924இல். அதற்கு முந்தைய இந்திய வரலாற்றுப் புத்தகத்தில் மொகஞ்சதாரோ இருக்காது. இல்லாதது அந்த ஆசிரியரின் பிழையும் இல்லை. கீழடியில் அகழாய்வு தொடங்கியது 2015இல். அப்படியானால் நான் படித்த புத்தகத்தில், என் அப்பா படித்த புத்தகத்தில் என்ன இருந்தது? வீட்டில் பழைய பாடப்புத்தகம் கிடந்தால் எடுத்து வா என்றேன். ஒரு பையன் தாத்தாவின் புத்தகத்தைக் கொண்டுவந்தான். அதில் 1857க்குப் பெயர் 'சிப்பாய்க் கலகம்'. அவன் புத்தகத்தில் 'பெரும் புரட்சி'. பாளையக்காரர்களுக்கும் அப்படித்தான்: அங்கே கலகம், இங்கே புரட்சி. துப்பாக்கியும் தேதியும் மாறவில்லை, சொல் மட்டும் மாறியிருக்கிறது. ஏன் என்று கேட்டு உட்கார்ந்தாலே இரண்டு பீரியட் ஓடிவிடும். புதுப் புத்தகம் மட்டும் கையில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

தமிழ் புரியாது என்கிறீர்கள். 'என் சரித்திரம்' படிக்க ஆரம்பித்தபோது உபாத்தியாயர் என்றால் யார், பிரயாசை என்றால் என்ன என்று கேட்டார்கள். நாலைந்து ஞாயிறு கேட்டார்கள். அப்புறம் நின்றுவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்து அடியும், சாமிநாதையர் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த கதையும் நன்றாகவே புரிந்தன. இப்போது எங்கள் தெருவில் ஒரு வாண்டு, வீட்டுப்பாடம் செய்யாததற்கு "ரொம்பப் பிரயாசைப்பட்டேன் சார்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு இடம். 1880. சாமிநாதையருக்கு 25 வயது, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பை, அதாவது நீதிபதியைப், பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா? இல்லை. இவர் மட்டுமா, இவருடைய ஆசிரியரே படித்ததில்லை. மனத்துக்குள் கோபம், அவமானம். அங்கிருந்துதான் ஏழு வருடம் ஏட்டோடு மல்லுக்கட்டி, சமண நண்பர்களிடம் போய்ப் பாடம் கேட்டு, 1887இல் சிந்தாமணி அச்சாகிறது.

32 பக்கப் புத்தகத்தில் இது எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். 'ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்ததால் தமிழ்த் தாத்தா என அழைக்கப்பட்டார்.' 25 வயதில் சிலப்பதிகாரத்தைக் கண்ணால் பார்த்திராத ஒரு தமிழாசிரியர், அதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் 41 மதிப்பெண் எடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு நான் இந்த அத்தியாயத்தைத்தான் கொடுத்தேன்.

சாதி? இருக்கிறது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேளாளர், மாணவர் சாமிநாதையர் ஐயர். சாப்பாடு தனி, சமையல் தனி. குருவே அலைந்து இவருக்கு வேறு இடத்தில் சாப்பாட்டுக்கு வழி செய்கிறார். புத்தகம் அதை மழை பெய்தது, வண்டி வந்தது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. தாண்டிப் படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஒரு பெண் கேட்டுவிட்டாள்: "ஒரே வீட்ல பாடம் படிக்கிறாங்க, ஏன் சார் ஒண்ணா சாப்பிடல?" அவளுக்கு நான் சாதிக் கொடுமை பற்றிப் பாடம் நடத்தவில்லை. அவளே உங்க தாத்தா காலத்துல எப்படி என்று வீட்டில் போய்க் கேட்டாள். அடுத்த வாரம் கேட்டுக்கொண்டு வந்ததை இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் வீட்டுக் கதை. ஆனால் அன்றைக்கு வராந்தாவில் எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றார்கள், யாரும் சொல்லாமலே. இந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஒரு சிறுவர் பதிப்புப் போட்டால், மிஞ்சுவது அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்ற பொய்தான்.

பழையது எல்லாம் பிள்ளைக்கு ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஹிட்லரும் முசோலினியும் பதவியில் இருந்தபோதே அவர்களைப் பற்றித் தமிழில் வாழ்க்கை வரலாறுகள் வந்தன. எழுதியவர்களுக்கு முடிவு தெரியாது. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் கொடுத்தால் அருமையான பாடம்; எட்டாம் வகுப்புப் பையனிடம் தனியாகக் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போக மாட்டேன். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எந்தப் பழைய புத்தகத்துக்கும். 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' படிக்கும்போது ஒரு பையன் கோபத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டான். சரி, அவர் சொல்கிற ஆதாரம் ஒவ்வொன்றையும் ம.பொ.சி. புத்தகத்தில் தேடு, எதற்குப் பதில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு நோட்டில் எழுது என்றேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது நோட்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டே படித்தவர் ம.பொ.சி. என்று சொன்னதிலிருந்து அவர் பக்கம் கொஞ்சம் சாய்வாகவே எழுதுகிறான் என்று எனக்குச் சந்தேகம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை இந்தக் கோடையில் தொடங்கினோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து, 1761 ஜனவரியில் இறக்கும் வரை எழுதினார். அவர் இறந்த நாலாம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர் தேதி போடும் முறையே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. நள வருடம் என்று ஆரம்பிக்கும். அறுபது வருடச் சக்கரத்தை அட்டையில் வரைந்து, ஆங்கில வருடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கட்டபொம்மன் இறந்த 1799 சித்தார்த்தி வருடம் என்று ஒருத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். கணக்கு வாத்தியார்தான் சந்தோஷப்பட வேண்டும்.

நான் கேட்பது பெரிய காசு பிடிக்கிற காரியம் இல்லை. சாமிநாதையர் 1942இல் இறந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் ஆனால் பதிப்புரிமை முடிந்துவிடும். வெல்ஷ், கால்டுவெல் எல்லாம் அதற்கும் முன்னால். இதோடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள், 1949இல் பாரதியில் தொடங்கி எத்தனையோ இருக்கின்றன. யாருக்கும் உரிமைத்தொகை கொடுக்க வேண்டாம். பானர்மேனின் கடிதம், வெல்ஷின் பத்துப் பக்கம், திண்ணைப் பள்ளிக்கூடம், 1880ஆம் வருடத்து அந்தச் சந்திப்பு, நாட்குறிப்பில் ஒரு மாதம் என்று வெட்டாமல் திருத்தாமல் சின்னச் சின்னப் புத்தகமாகப் போடுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதை நல்ல தமிழில் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். பின்னால் அருஞ்சொல் பட்டியல் போதும். தயவுசெய்து பத்துக் கேள்வி வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவற்றில் பல கிடைக்கின்றன என்று சொல்வீர்கள். எனக்கும் தெரியும், நானும் அங்கேதான் தேடுகிறேன். ஆனால் ஒன்பது பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து படித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

வாரத்தில் ஒரு பீரியட், தேர்வு இல்லாமல். இதைக் கேட்டால் ஆசிரியர்கள் என்னை அடிக்க வருவார்கள் என்று தெரியும். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் பானர்மேனின் கடிதத்தை வகுப்பில் ஒரு தடவைகூடப் படிக்காமல் ஓய்வு பெற்றேன்.

நீக்கப்பட்டது என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், அந்தப் புத்தகத்துக்கு மாவட்டத்தில் வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். இல்லையென்றால் அந்த ஒன்றை மட்டுமாவது எடைக்குப் போடாமல் வைக்கட்டும்.

கடைசியாக ஒரு சொந்த உதவி. பேப்பர் கடையில் வாங்கிய 'என் சரித்திரம்' படித்து முடித்த அன்று, ஒன்பதாம் வகுப்புப் பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "சார், கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கு. கதை பாதியில நிக்குது." இல்லம்மா, வாரா வாரம் ஆனந்த விகடனில் எழுதிக்கொண்டே இருந்தார், 1942 ஏப்ரலில் இறந்துவிட்டார், அவ்வளவுதான் என்றேன். அவள் நம்பவில்லை. முதுகுப் பக்கத்து நூல் தொங்குவதைக் காட்டுகிறாள். வேறு ஒரு முழுப் பிரதியின் கடைசிப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வாளாம். உங்களிடம் பழைய பதிப்பு ஒன்று இருந்தால், ஒரு வாரம் இரவல் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி